கொடுக்காத கூலி வெறும் கடன் பாக்கியா?

வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் கொடுக்காமல் இழுத்தடித்தால், காவல் நிலையத்தில் அதை ‘கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வழக்கம். நம் மக்களும் “ஐயா, பார்த்துக் கொடுங்க” என்றுதான் கேட்கிறார்கள். உரிமையை உதவியாகக் கேட்க வைத்தது சாதி. சட்டமும் நீண்ட காலம் அதற்குத் துணை நின்றது.

கூலியை எந்த நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று விதித்தது 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், மற்ற இடங்களில் 10ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் தொடக்கத்தில் அது தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் மட்டுமே பொருந்தியது. தலித் மக்களில் பெரும்பாலோர் உழைத்த வயலுக்கு அது வரவில்லை. அங்கே நெல்லை அளக்கும் மரக்கால் ஆண்டையின் கையில் இருந்தது. எப்போது அளப்பது, எவ்வளவு அளப்பது என்பதும் அவர் விருப்பம்.

1948இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விவசாயத்தையும் சேர்த்துக்கொண்டது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிரந்தரப் பண்ணையாளுக்குத்தான் பாதுகாப்பு என்றதும், பண்ணையாளைத் தினக்கூலியாக மாற்றிச் சட்டத்திலிருந்து நழுவினார்கள் பல மிராசுதார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு, சங்கமாகவும் நின்ற கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. அத்தனை உயிர்கள் போன பிறகு.

அடுத்த திருப்பம் டெல்லியில் நடந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டுமான வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமாதார் எடுத்துக்கொண்டார். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். சவுக்கு மட்டுமல்ல, பசியும் கட்டாயம்தான் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு ரூபாய் குறைந்தாலே கட்டாய உழைப்பு என்றால், கூலியையே கொடுக்காமல் வைத்திருப்பதை எப்படி வெறும் கடன் பாக்கி என்று சொல்ல முடியும்?

இந்த வாதத்துக்கு வேறு சட்டங்களும் துணை நிற்கின்றன. கூலியைப் பிடித்து வைத்து, வேறு வேலைக்குப் போகவும் விடாவிட்டால் 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே மனு கொடுக்க வேண்டிய இடம் ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகம். தலித் அல்லது பழங்குடியினரை அவர்கள் அல்லாதவர் கட்டாய உழைப்பில் வைத்தால், 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம்.

2019இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய 1936, 1948 சட்டங்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. தினக்கூலியை அன்றைய வேலை முடிந்ததும் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை மனு செய்யலாம். பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமுண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், கூலி கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது.

அதனால் கூலி கிடைக்காதவர் நம்மிடம் வந்தால் சமரசம் பேச ஓட வேண்டாம். வேலை செய்த நாட்களை, உடன் வேலை செய்தவர்களின் பெயர்களை, மேஸ்திரியோடு பேசிய அழைப்புகளை முதலில் எழுதி வைப்போம். தொழிலாளர் துறையில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். மிரட்டலோ சாதிப் பேச்சோ இருந்தால் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுப்போம். மனுவில் “கருணை கூர்ந்து” என்ற சொல் வேண்டாம். உழைத்த கூலியைக் கேட்க யாருடைய கருணையும் தேவையில்லை.