குறைந்த விலையில் நல்ல ஒலி: மூன்று செலவுகளின் கதை

நல்ல ஒலி வேண்டுமென்றால் நிறையப் பணம் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது ஏறக்குறைய உண்மை. ஆர்கன், டபுள் பேஸ் போன்ற கருவிகளின் கனத்த ஒலியை வீட்டில் ஒழுங்காகக் கேட்க, பீரோ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி தேவைப்பட்டது. அதை வாங்கப் பணம் வேண்டும், வைக்க இடமும் வேண்டும். நடுத்தரக் குடும்பங்களில் இரண்டுக்கும் பஞ்சம்.

எந்தப் பொருளின் விலையையும் பிரித்துப் பார்த்தால் மூலப்பொருள், கூலி, விற்பவரின் லாபம் என்று மூன்று பெரிய பகுதிகள் இருக்கும். அடுத்து வந்த ஆண்டுகளில் மூன்று பேர் இந்த மூன்றிலும் ஆளுக்கு ஒன்றாகக் கை வைத்தார்கள்.

முதலாமவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மறுபதிப்பு பற்றி வகுப்பு எடுத்தவர். ஸ்பீக்கரில் இருக்கும் கூம்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் ஒலி பிறக்கிறது. அசைந்த கூம்பைப் பழைய இடத்துக்கு இழுக்க, அக்காலத்தில் விறைப்பான ஸ்பிரிங் போன்ற அமைப்பு இருந்தது. கூம்பு அதிக தூரம் அசையும்போது அது சீராக இழுக்காது. கனத்த ஒலி சிதைந்துவிடும். வில்ச்சர் கூம்பைத் தளர்வாக விட்டுவிட்டு, காற்றுப் புகாத சிறிய பெட்டியில் அதைப் பொருத்தினார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி திரும்பத் தள்ளும் அல்லவா? அதேபோல் பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் வேலையைச் செய்தது. முதல் மாதிரிக்கு வேண்டிய தளர்வான விளிம்பை மெத்தைத் துணியில் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி.

1954-ல் வில்ச்சரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஸ்பீக்கரான ஏஆர்-1-ன் விலை 185 டாலர். அது மலிவு அல்ல. ஆனால் 1957-ல் வந்த ஏஆர்-2 சுமார் 100 டாலருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. இனி ஒன்றல்ல, இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். இரண்டு பீரோக்களை எங்கே வைப்பது? புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டிகளுக்கு அப்போதுதான் உண்மையான தேவை பிறந்தது.

ஆனால் இதில் மறைந்திருந்த செலவு ஒன்று உண்டு. மூடிய சிறு பெட்டி அதிக மின்திறன் கேட்கும். ஸ்பீக்கரில் மிச்சம் பிடித்த பணம் ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும்.

இங்கே வருகிறார் இரண்டாமவர், டேவிட் ஹாஃப்லர். 1955-ல் ஃபிலடெல்ஃபியாவில் டைனகோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் கை வைத்தது கூலியில். 1959-ல் வெளிவந்த ஸ்டீரியோ 70 என்ற ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு 35 வாட் திறன் கொண்டது. அதை உதிரி பாகங்களாக 99.95 டாலருக்கு வாங்கலாம். வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து சால்டரிங் செய்து இணைத்துக்கொள்ள வேண்டும். தவறு நடக்க வாய்ப்புள்ள சர்க்யூட் போர்டை மட்டும் நிறுவனமே முடித்துக் கொடுத்தது. தொழிற்சாலைக் கூலிக்குப் பதில் வாடிக்கையாளரின் ஓய்வு நேரம் செலவானது.

மூன்றாமவர் மேலே சொன்ன அதே ஹென்றி க்ளாஸ். 1957-ல் ஏஆரை விட்டு விலகியவர், 1967-ல் அட்வென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1969-ல் வந்த அட்வென்ட் ஸ்பீக்கரில் இரண்டே கூம்புகள்தான். விலையுயர்ந்த ஸ்பீக்கர்களின் கனத்த ஒலியை ஏறக்குறைய பாதி விலையில் தருவதே அவர் நோக்கம். 1988-ல் கேம்பிரிட்ஜ் சவுண்ட்வொர்க்ஸ் மூலம் விற்பவரின் லாபத்திலும் கை வைத்தார். ஸ்பீக்கர்கள் தொழிற்சாலையிலிருந்து நேரே வாங்குபவர் வீட்டுக்கே போயின. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஆனாலும் கேட்டுப் பார்த்து வாங்கவே மக்கள் விரும்பினார்கள். பிற்பாடு அந்த நிறுவனமும் கடைகளைத் திறக்க வேண்டியதாயிற்று. இந்த விருப்பத்தை ஏஆர் முன்பே அறிந்திருந்தது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அது நடத்திய இசை அறையில் யாரும் வந்து கேட்கலாம்; விற்பனை மட்டும் கிடையாது.

இந்த மூன்றிலும் சேராமல், காசே கேட்காத ஒரு பகுதியும் உண்டு. அது ஸ்பீக்கரை வைக்கும் இடம். சுவரை ஒட்டி வைத்தால் கனத்த ஒலி கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடி, சில அறைகளில் முழங்கும். தரையில் வைத்தால் மெல்லிய ஒலிகள் காதுக்குக் கீழேயே போய்விடும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சம முக்கோணமாக அமைந்து, சின்னக் கூம்பு காது உயரத்தில் இருந்தால், சாதாரணப் பெட்டியும் நன்றாகவே ஒலிக்கும். இடம் தவறினால் விலை உயர்ந்த பெட்டியும் வீண்தான்.

காலம் இந்தக் கணக்குகளையும் மாற்றியது. 1978-ல் என்ஏடி 3020 என்ற ஆம்ப்ளிஃபயர் முழுதாக இணைக்கப்பட்டே மலிவு விலையில் வந்தது. வடிவமைத்தவர் எரிக் எட்வர்ட்சன், தயாரானது தைவானில். 20 வாட்தான், அலங்காரம் எதுவும் இல்லை. ஆனாலும் அது உலகெங்கும் விற்றது. இயந்திரங்களும் ஆசியத் தொழிற்சாலைகளும் கூலியைக் குறைத்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து இணைப்பதில் பெரிய லாபம் இல்லாமல் போனது. உதிரி பாகப் பெட்டிகளுக்குப் பேர்போன ஹீத் நிறுவனம் 1992-ல் அந்தத் தொழிலையே விட்டது.

விலைச்சீட்டில் குறைந்த எண்ணைப் பார்ப்பவர் கேட்க வேண்டியது, இந்தக் குறைவு எந்தச் செலவிலிருந்து வந்தது என்பதுதான். காற்றிலிருந்து வந்திருந்தால் லாபம். கூலியிலிருந்து வந்திருந்தால் அந்த வேலையை இப்போது யார் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாவிட்டால், பெரும்பாலும் அது ஒலியிலிருந்துதான் வந்திருக்கும்.