துரை இறக்கிய மான்

திண்டுக்கல் கோட்டை மேலே ஏறி மேற்கே பாருங்கள், பழனி மலைத்தொடர். அந்தக் காட்டில் புள்ளிமானுக்குப் பின்னாலேயே சிறுத்தை, செந்நாய் என்று யாராவது துரத்திக்கொண்டு வருவார்கள். துரத்த ஆளே இல்லாவிட்டால்?

அந்தமானுக்கு வாருங்கள். அங்கே பூர்வீகமாக மானே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைக்காகக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார்கள். பிடித்துத் தின்னப் புலியா, சிறுத்தையா... ஒன்றும் இல்லை! மான் பெருகியது. சும்மா இருந்ததா? கடலில் நீந்தி அடுத்தடுத்த தீவுகளுக்கும் போய்விட்டது!

1942-ல் துரைமார்கள் ஜப்பானியருக்குப் பயந்து காலி செய்த ராஸ் தீவில் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) இன்றும் இடிந்த பங்களாக்களுக்கு நடுவே மான்கள் ஹாயாக உலாத்துகின்றன. எல்லோரும் அதை ஃபோட்டோ எடுப்பார்கள். சூழலியலாளர் ரவூஃப் அலி அந்தமான் காடுகளில் குனிந்து தரையைப் பார்த்தார். மேலே பெரிய பெரிய மரம். கீழே கன்றுகளைக் காணோம்! முளைக்க முளைக்க மான் மேய்ந்துவிடுகிறது என்று 2004-ல் எழுதினார். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம் மாதிரி ஒரு காடு.

மானைக் குறைக்கலாமே என்பீர்கள். முதலில் எத்தனை இருக்கிறது என்று தெரியவேண்டும். அடர்காட்டில் மான் லேசில் கண்ணில் படாது. புழுக்கைக் குவியலை எண்ணிக் கணக்குப் போடுவது ஒரு வழி. அப்புறம் 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சுடுவதற்கென்றே கொண்டுபோன மானை இன்று அனுமதியில்லாமல் தொட முடியாது!