இறக்கி வைக்க இருந்த கல்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலையேறும் பழைய பாதைகள் தலைச்சுமைக்காரர்களின் காலடியில் தேய்ந்து உண்டானவை. அரிசியும் உப்பும் கருவாடும் கீழிருந்து மேலே போயின. ஏலக்காயும் விறகும் மேலிருந்து கீழே வந்தன. பொதிமாடு போகாத இடத்துக்கு மனிதத் தலை போனது. அந்த நடைக்காரர்களுக்காக அடிவாரத்து வழிகளிலும் சமவெளிச் சாலையோரங்களிலும் நின்ற சுமைதாங்கிக் கற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றுக்கு யாரும் துக்கம் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சுமைதாங்கியைப் பார்த்தறியாத பிள்ளைகளுக்கு: குத்துக்கல் இரண்டு, அவற்றின் மேல் குறுக்கே ஒரு படுக்கைக்கல். அவ்வளவுதான். நடுத்தர ஆளின் தோளுயரம் இருக்கும். சில இடங்களில் உயரமும் தாழ்வுமாக இரண்டு படியாக அமைத்திருப்பார்கள். மூட்டையோடு வருகிறவர் கல்லருகே நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தலையைச் சாய்த்தால் சுமை நழுவிக் கல்லில் உட்கார்ந்துவிடும். சும்மாட்டை எடுத்து உதறி, முகத்தைத் துடைத்து, மர நிழலில் சற்று இருந்துவிட்டு, மறுபடி தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடக்கலாம். இன்னொருவர் கை வேண்டியதில்லை.

அதன் அருமை சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். விறகுக்கட்டைத் தரையில் போடுவது எளிது. தனியாளாக மறுபடி தலைக்கு ஏற்றுவது நடக்காது. "ஏத்தா, ஒரு கை குடு" என்று கேட்க வழியில் ஆள் இருக்க வேண்டும். ஆளில்லாத பாதையில் கழுத்து ஒடிய ஒடிய இறக்காமலே நடந்தார்கள் பெண்கள். அந்த வழியில் ஒரு கல் நின்றால், ஆளில்லாத இடத்தில் ஓர் ஆள் நின்ற மாதிரி.

உண்மையிலேயே அது ஓர் ஆளின் பெயரில்தான் நின்றது. வயிற்றுப்பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். சுமந்ததை இறக்கி வைக்காமலே போனவள் அவள். வழிப்போக்கர்கள் தம் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுடைய பாரமும் குறையும் என்று நம்பினார்கள். பல கற்களில் அவள் பெயரும், நட்டவர் பெயரும், தமிழ் வருடமும் மாதமும் வெட்டியிருக்கும். எழுத்தில்லாத கற்களும் உண்டு. ஊருக்கு மட்டும் அது யாருக்கு நட்ட கல் என்று தெரியும்.

நடுகல் நம் தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களை நாட்டின் மிகப் பழைய எழுத்துடை நடுகற்களில் வைக்கிறார்கள் ஆய்வாளர்கள். அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில் விழுந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. மாடு கவரும் சண்டையில் செத்த ஆணுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே கல் உண்டு. பேறுகாலத்தில் செத்த பெண்ணுக்குக் கிடைத்த கல் சுமைதாங்கி. வீரனின் கல்லைக் கும்பிட்டார்கள், இவளுடைய கல்லைப் பயன்படுத்தினார்கள். இரண்டில் எது பெரிய மரியாதை என்று என்னைக் கேட்டால், தயங்காமல் பின்னதைச் சொல்வேன். இந்த வழக்கம் நம்மோடு நிற்கவும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மாடுகள் முதுகு தேய்க்கும் ஆவுரோஞ்சிக் கல்லுக்குத் துணையாகச் சுமைதாங்கியும் நின்றது. கேரளத்தில் அதையே அத்தாணி என்றார்கள்.

எப்படி மறைந்தது? சுமை முதலில் தலையை விட்டு இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடம் கட்டி மூணாறுத் தேயிலைப் பெட்டிகளை இறக்கினார்கள். அங்கிருந்து அவை மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம், மேலே அந்தப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த குண்டளை ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்துவிட்டது. பிறகு லாரி. இன்று போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. விடியுமுன் ஜீப்புகள் நம் பெண்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிப் போகின்றன. தலைச்சுமை ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கழுத்தெலும்பு தேய்ந்த கிழவிகளைப் பார்த்தவர் யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

என் துக்கம் வேறு. வேலையில்லாமல் போன கல்லைச் சாலை அகலப்படுத்த வந்த இயந்திரம் ஓரத்தில் புரட்டிவிடுகிறது. படுக்கைக்கல் சாக்கடைக்கு மூடியாகிறது, துணி துவைக்கும் கல்லாகிறது, வீட்டு வாசலுக்குப் படியாகிறது. எழுத்து இருந்த பக்கம் மண்ணுக்குள் கவிழ்கிறது. அரசாணையிலும் கோயில் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒரு சாதாரணப் பெண்ணின் பெயர் ஊரில் பொறித்திருந்தது அந்த ஒரே இடத்தில்தான். பட்டா இல்லை, பட்டயம் இல்லை, படம்கூட இல்லை. கல் புரண்டால் அவள் இருந்ததற்கே சாட்சி போய்விடுகிறது.

அவள் சாவு பழங்கதையாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. பெரியகுளத்துக்கு மேலே சின்னூர், பெரியூர் போன்ற மலைக்கிராமங்களிலிருந்து கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை அண்மை ஆண்டுகளிலும் படித்தோம். அந்தத் தூக்குக்காரர்களுக்குச் சாலைதான் வேண்டும், கல் வேண்டாம். சாலை போடும்போது வழியில் நிற்கும் பழைய கல்லைக் காப்பாற்றவும் முடியும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கி இன்னும் நின்றால், மேலே பூசிய சுண்ணாம்பைச் சுரண்டாமல் நீர் விட்டுக் கழுவி, எழுத்தைப் படித்துப் படம் எடுத்து வையுங்கள். அது யாருடைய கல் என்று ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சாலை வேலை வருகிறதென்று தெரிந்தால் ஊராட்சித் தலைவரிடமும் வி.ஏ.ஓ.விடமும் மனுக் கொடுத்து, கல்லைப் பெயர்த்துப் பள்ளி வளாகத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ எழுத்து வெளியே தெரியும்படி நடச் சொல்லுங்கள்.