கண்ணாடிக்குப் பின்னால் குட்டி... தாய் எங்கே?

பி.காம் படிப்பவனுக்கு நாய்க்குட்டியைப் பற்றி என்ன கட்டுரை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு சந்தையின் வரலாறு தான்.

1953-ல் அமெரிக்காவில் நம்பர் ஒன் இடத்தைப் பிடித்த பாடல்களில் ஒன்று, பாட்டி பேஜ் பாடியது. கடையின் கண்ணாடி ஜன்னலில் இருக்கும் நாய்க்குட்டி என்ன விலை என்று கேட்கும் ஜாலியான பாட்டு. அந்தக் காலத்தில் அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊருக்கு ஊர் செல்லப்பிராணிக் கடைகள் பெருகின. கடைகளுக்குக் குட்டிகள் வேண்டுமே? மிசௌரி, கன்சாஸ் போன்ற மாநிலங்களின் பண்ணைகளில் நாய் வளர்ப்பு நல்ல பக்கத் தொழிலானது. கோழியும் முயலும் இருந்த கூண்டுகளில் நாய்கள் ஏறின. இப்படிப்பட்ட பண்ணைகளுக்குத் தான் 'பப்பி மில்' என்று பெயர் வந்தது.

சட்டம் என்ன செய்தது? 1966 பிப்ரவரியில் 'லைஃப்' பத்திரிகை, ஆய்வுக்கூடங்களுக்கு நாய் விற்கும் வியாபாரிகளின் கொட்டடிகளைப் படம் பிடித்துப் போட்டது. நாடே கொதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1970-ல் அது விலங்கு நலச் சட்டமாக விரிந்து, மொத்த வியாபாரத்துக்கு நாய் வளர்ப்பவர்களையும் உள்ளே கொண்டு வந்தது. ஆனால் சில்லறைக் கடைகளுக்கு விலக்கு! கூண்டின் அளவையும் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நாயின் நீளம், அதோடு 6 அங்குலம். இதைச் சதுரமாக்கினால் வரும் இடம் போதும். அதில் ஒரு தாய் நாய் ஆண்டுக்கணக்கில் இருந்தாலும் அது சட்டப்படி சரி!

அதே 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர், பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார் (2001-ல் நோபல் பரிசு வாங்கியவர்). விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால், மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பது அதன் சாரம். நாய்க்குட்டி விஷயத்தில் மறைக்கப்படுவது தாயின் நிலை. தாயை ஒழுங்காக வளர்ப்பவருக்குச் செலவு அதிகம், ஜன்னலில் குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி அழகு! நாம் வணிகச் சட்டத்தில் படிக்கும் 'வாங்குபவரே கவனம்' என்ற கோட்பாடு இங்கே எடுபடாது. பார்க்க முடியாததை எப்படிக் கவனிப்பது?

இதற்கு விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. வேல்ஸ் பண்ணை ஒன்றில் குட்டி போடவே வைத்திருந்த லூசி என்ற ஸ்பேனியல் நாயை 2013-ல் மீட்டார்கள். உடல் சிதைந்து போயிருந்த அது 2016-ல் இறந்தது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டியை வளர்ப்பவரிடம் நேரில் தான் வாங்க வேண்டும், அல்லது காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். விற்பவர் குட்டியைப் பிறந்த இடத்தில் தாயோடு காட்ட வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2019-லும், நியூயார்க் 2024 டிசம்பரிலும் கடைகளில் வளர்ப்புப் பண்ணைக் குட்டிகளை விற்பதை நிறுத்தின.

கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. கடையை மூடினால் வியாபாரம் இணையத்துக்குப் போகும், அங்கே கேட்க ஆளில்லை என்கிறார்கள். உண்மை தான். ஆனால் அது இணையத்திலும் தாயைக் காட்டச் சொல்வதற்கான காரணமே தவிர, கடையில் மறைப்பதற்கான காரணம் அல்ல.

"ஐயோ பாவம், நான் வாங்காவிட்டால் இது என்ன ஆகும்?" என்று இரக்கப்பட்டு வாங்குபவர்கள் பலர். ஆனால் கணக்குப் புத்தகத்தில் இரக்கத்துக்குத் தனிப் பத்தி கிடையாது. அதுவும் விற்பனை தான். காலியான கூண்டுக்கு அடுத்த குட்டி வரும், தாய் மறுபடி சினையாகும்.

பாட்டி பேஜ் 2009-ல் அதே மெட்டில் வேறு வரிகளைப் பாடினார். இந்த முறை ஜன்னல் நாய்க்குட்டியைப் பற்றி அல்ல, காப்பகத்தில் காத்திருக்கும் நாயைப் பற்றி!

குட்டி வாங்கப் போகும் நண்பர்களே, விலையைப் பிறகு கேளுங்கள். முதலில் அதன் அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள்.