பிறகு படிக்க வைத்தவை எங்கே போயின?

2025 ஜூலை 8ஆம் தேதி பாக்கெட் சேவையை மோசில்லா மூடியது. இணையத்தில் கண்ணில் பட்ட நீண்ட கட்டுரையை ‘அப்புறம் படித்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கி வைக்க ஏறத்தாழ 18 ஆண்டுகள் உதவிய சேவை அது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அடுத்து எதற்கு மாறுவது என்ற தேடல் தொடங்கியது. இப்படித் தேடுகிறவர்கள் வழக்கமாக எழுத்து அழகாக இருக்கிறதா, இரவில் கண் கூசாமல் படிக்க முடிகிறதா, வரிகளுக்கு அடியில் கோடு போடலாமா, மாதம் எவ்வளவு என்றெல்லாம் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியவைதான், ஆனால் கடைசியில். இந்தச் சேவைகளின் வரலாற்றைப் புரட்டினால் முதலில் கேட்க வேண்டியது வேறு: இதை விட்டு வெளியேறும் நாளில் என் கையில் என்ன இருக்கும்?

2007 ஆகஸ்டில் நேட் வைனர் என்ற இளைஞர் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு ஒரு சின்ன நீட்சி எழுதினார். பெயர் ‘ரீட் இட் லேட்டர்’. 2008 ஜனவரியில், டம்ளர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மார்கோ ஆர்மென்ட் இன்ஸ்டாபேப்பரைத் தொடங்கினார். அதற்கு முன்பும் லிங்க்கைச் சேர்த்து வைக்க 2003இலிருந்து டெலிஷியஸ் இருந்தது; தனக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. புதியவர்கள் கொண்டுவந்த வசதி, விளம்பரத்தையும் பக்கவாட்டுக் குப்பையையும் கழித்துவிட்டுக் கட்டுரையை மட்டும் எடுத்துக் கொடுத்தது. அப்போதுதான் ஐபோன் வந்திருந்த காலம். சிக்னல் கிடைக்காத இடத்திலும் படிக்கலாம் என்பது பெரிய விஷயமாக இருந்தது. 2009இல் ஆர்க்90 நிறுவனம் வெளியிட்ட ரீடபிலிட்டி இந்தக் கழித்தெடுக்கும் வேலையை இன்னும் செம்மையாகச் செய்தது. 2011இல் அது வாசகரிடம் மாதம் குறைந்தது 5 டாலர் வாங்கி, அதில் 70 சதவீதத்தைப் பதிப்பாளருக்குத் தருவதாகவும் ஒரு திட்டம் போட்டது. நல்ல எண்ணம்தான், ஓராண்டு சற்றுத் தாண்டியதும் அதைக் கைவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கைமாறிய கதை. டெலிஷியஸை 2005இல் யாஹூ வாங்கியது, பிறகு விற்றது. பல கை மாறி 2017இல் போட்டியாளரான பின்போர்டிடமே போய்ச் சேர்ந்தது. ரீடபிலிட்டி சேவை 2016 செப்டம்பரில் நின்றது. இன்ஸ்டாபேப்பர் 2013இல் பீட்டாவொர்க்ஸுக்கும் 2016இல் பின்ட்ரெஸ்டுக்கும் போய், 2018இல் தனி நிறுவனமாக வெளியே வந்தது. இடையில் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அங்குள்ள பயனர்களுக்குச் சில மாதங்கள் கதவு சாத்தப்பட்டிருந்தது. ரீட் இட் லேட்டர் 2012இல் பாக்கெட் ஆனது. 2017இல் மோசில்லா அதை வாங்கியது. எல்லோரும் புகழ்ந்த ஆம்னிவோர் 2024 அக்டோபர் இறுதியில், குரல் தொழில்நுட்ப நிறுவனமான இலெவன்லேப்ஸுடன் இணைவதாக அறிவித்தது. அடுத்த மாதமே சேவை முடிவுக்கு வந்தது. இவற்றில் எதுவும் மோசமான சரக்கு என்பதால் மூடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியவருக்கோ நடத்தியவருக்கோ வேறு கணக்கு இருந்தது, அவ்வளவுதான். தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள்.

பாக்கெட் மூடும்போது தரவை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள்; அந்த மட்டில் நேர்மைதான். ஆனால் வந்து சேர்ந்த கோப்பைத் திறந்து பார்த்தால் தலைப்பு, லிங்க், சேமித்த நேரம், குறிச்சொல், படித்தாயிற்றா இல்லையா என்ற நிலை என ஐந்து பத்திகள் இருக்கும். சேமித்த நேரம்கூட நாள், மாதம் என்று இருக்காது, நீண்ட ஓர் எண்ணாக இருக்கும். கட்டுரை இருக்காது. பத்தாண்டாகச் சேர்த்ததாக நினைத்த நூலகம் உண்மையில் ஒரு விலாசப் பட்டியல். இத்தனைக்கும் 2014இலிருந்து பணம் கட்டுவோருக்கு ‘நிரந்தர நூலகம்’ என்ற வசதியையே பாக்கெட் விற்றுவந்தது.

லிங்க் இருந்தால் போதாதா, வேண்டும்போது போய்ப் படித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறதே என்றால், அது செய்வது மகத்தான தொண்டு. ஆனால் சந்தாச் சுவருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் அதன் கைக்கு எட்டாது. 2024 அக்டோபரில் நடந்த தாக்குதலில் அதுவே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு பட்டறிவு உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன், தளத்துக்கு ஓர் எழுத்துரு என்று இருந்த காலத்தில் சேமித்த பக்கங்களை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து விழும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்று எழுத்துக் குறியீட்டுத் தரம் வகுத்தும் குழப்பம் உடனே தீரவில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். ஆக, கோப்பு கையில் இருந்தால் மட்டும் போதாது, எந்த மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவத்திலும் இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அச்சு இதழ்களின் வாசகர்கள் தெளிவாக இருந்தார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஓவியத்தோடு சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் ஏராளம். 2020இல் கல்கியின் அச்சுப் பதிப்பு நின்றதால் அந்தப் பைண்டிங்கில் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் அவர் மறைந்த பிறகும் சிதறாமல், இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. சேர்த்தவர் கையில் பொருள் இருந்ததால் நடந்தது அது.

சேமிப்பதில் பாதியை யாரும் படிப்பதில்லை, போனால் போகட்டும் என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் எது அந்தப் பாதி என்று முன்கூட்டித் தெரியாதே. காசு கொடுத்தால் நிலைக்கும் என்பார்கள். பின்போர்டு அப்படி நிலைத்தது, பாக்கெட்டின் சந்தாதாரர்களுக்கு நிலைக்கவில்லை. திறந்த மூலம் காப்பாற்றும் என்பதும் அரை உண்மை. ரீடபிலிட்டியின் நிரல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களின் வாசிப்புப் பார்வைக்கு அடிப்படையாகி இன்றும் வாழ்கிறது. ஆம்னிவோரின் நிரலும் திறந்ததே. ஆனால் நிறுவனத்தின் சர்வரை நம்பி இருந்தவருக்கு அது அந்த நவம்பரில் கைகொடுக்கவில்லை. சொந்தமாகச் சர்வர் நடத்துவது எல்லோருக்கும் ஆகிற காரியமா என்றால், அவசியமே இல்லை. சிங்கிள்ஃபைல் நீட்சி முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாகக் கணினியில் இறக்கிவிடும். 2006இலிருந்து இருக்கும் ஸோட்டெரோ என்ற ஆய்வுக் குறிப்பு மென்பொருள், கட்டுரையின் நகலை உங்கள் கணினியிலேயே வைக்கும். பாக்கெட் போன்ற சேமிப்பு மென்பொருளான வாலபேக் கொஞ்சம் முயற்சி கேட்கும். ஆனால் கட்டுரையின் உரையோடு இபப், பிடிஎஃப் கோப்புகளாக வெளியே எடுக்க விடும். வசதியில் இவை பாக்கெட்டுக்கு இணையில்லைதான். அன்றாடம் படிக்க அழகான சேவை எதையாவது தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பாதுகாக்கும் பொறுப்பை மட்டும் அதனிடம் விட வேண்டாம்.

புதிதாக ஒன்றில் கணக்குத் தொடங்கப் போகிறவர்கள், முதல் நாளே ஒரே ஒரு கட்டுரையைச் சேமித்து, அதை ஏற்றுமதி செய்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். கட்டுரை வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் லிங்க் வந்தால் வேறு பாருங்கள்.