சங்கம்: துறவியரிடமிருந்து ஆலை வாசலுக்கு

கங்கைகொண்டானில் “யூனியன் எங்கே இருக்கு?” என்று கேட்டால் மானூருக்கு வழி சொல்லிவிடுவார்கள். நெல்லைப் பக்கம் யூனியன் என்றால் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்தான். சங்கம் என்று கேட்டாலும் சாதிச் சங்கமா, கூட்டுறவுச் சங்கமா, பீடிச் சங்கமா என்று எதிர்க்கேள்வி வரும். சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஊரில் தொழிற்சங்கத்தைத் தேடினால் இப்படி ஆவது நல்ல வேடிக்கை.

சங்கம் வடக்கிலிருந்து வந்த சொல். பௌத்த, சமணத் துறவியர் கூட்டத்தைக் குறித்தது. மணிமேகலையில் அந்தப் பொருளில் வருகிறது. புலவர் அவைக்கு அதைச் சூட்டி நிலைக்கவைத்தது இறையனார் களவியல் உரை. ஷிஃப்டுக்கு ஊதும் ஆலைச் சங்குக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. வணிகக் குழுவைச் சொல்ல அதற்கு முன்பே ‘நிகமம்’ என்ற சொல் இருந்தது. மாங்குளம் தமிழிக் கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் அது முதலாளிகளின் கூட்டு. இன்று அமைப்புகளுக்கு வைக்கும் ‘கழகம்’ வள்ளுவர் காலத்தில் சூதாடும் இடம்.

இனித் தொழிலாளர் கூட்டுக்கு வருவோம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், மறுநாள் திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். கேட்டதைப் பெற்ற தொழிலாளர்களுக்கு அன்று சட்டத்தின் காவல் ஏதுமில்லை.

‘சங்கம்’ ஆலைத் தொழிலாளியின் சொல்லாக ஊன்றியது 1918 ஏப்ரல் 27இல், சென்னைத் தொழிலாளர் சங்கத்தில். வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். பெயர் வைத்தால் மட்டும் போதவில்லை. பின்னி ஆலை நிர்வாகம் வாடியா மீதே வழக்குப் போட்டது. நீதிமன்றமும் அவருக்குத் தடை விதித்தது. அந்த அடிக்குப் பிறகு வந்ததுதான் 1926 தொழிற்சங்கச் சட்டம். பதிவான சங்கம் கூடிப் பேசி வேலையை நிறுத்தினால் அதைச் சதி என்று சொல்ல முடியாது. நட்டம் கேட்டு நீதிமன்றத்துக்கு இழுக்கவும் முடியாது. சங்கத்தில் சேர்வதன் முதல் பலன் இதுதான், போனஸ் எல்லாம் அப்புறம். தனி ஆளை வேலையை விட்டு நிறுத்தினாலும் அவருக்காகத் தொழிலாளர் துறையில் போய்ப் பேச ஒரு நிர்வாகி இருப்பார்.

பெயருக்காகவே ஒரு மல்லுக்கட்டும் நடந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ வரக் கூடாது என்றது நிர்வாகம். எந்த ஆலையில் உழைக்கிறோமோ அந்தப் பெயரைச் சொல்லக் கூடாதாம்! வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் அதே பெயரில் சங்கம் பதிவானது.

ஒரு ஆலையில் சங்கத்தைப் பதிவு செய்யப் பத்தில் ஒரு பங்குத் தொழிலாளர் அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும். ஏழு பேருக்குக் குறையக் கூடாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, சந்தா கட்டுங்கள். கட்டுமுன் ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.