ஒரே மாதிரி இருக்கும் மீன்கள்: எது எந்த இனம் என்று டிஎன்ஏ எப்படிச் சொல்கிறது?

பினாங்கு சௌரஸ்தா சந்தையில் கெம்போங் மீன் வாங்கியிருக்கிறீர்களா? அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கு. ஒன்று ராஸ்ட்ரெல்லிஜர் கனகுர்த்தா. தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி என்பார்களே, அதேதான். இன்னொன்று ராஸ்ட்ரெல்லிஜர் பிராக்கிசோமா. இதற்கு உடல் கொஞ்சம் அகலம். உப்பு குறைந்த கரையோர நீரில் வாழும்.

முழு மீனாக இருந்தால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். ஆனால் மீன் குஞ்சு, தோல் உரித்த துண்டு, மீன் உருண்டை? இங்கேதான் டிஎன்ஏ கைகொடுக்கிறது.

ஏன் மைட்டோகாண்டிரியா?

உயிரணுவுக்குச் சக்தி தயாரித்துத் தரும் பகுதிதான் மைட்டோகாண்டிரியா. அதற்குத் தனியாக ஒரு சிறிய டிஎன்ஏ உண்டு. மீன்களில் அதன் நீளம் சுமார் 16,500 எழுத்துகள்.

இதில் மூன்று வசதிகள். ஒன்று, ஓர் உயிரணுவில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதனால் சமைத்த மீனிலும் கொஞ்சமாவது மிஞ்சும். இரண்டு, இது பொதுவாக அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது; அப்பாவுடையதோடு கலப்பதில்லை. மூன்று, உட்கரு டிஎன்ஏவைவிட வேகமாக மாறுகிறது. அதனால் நெருங்கிய உறவு இனங்களுக்கு இடையிலும் வித்தியாசம் தெரியும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கனடாவின் பால் ஹெபர்ட் குழு 2003இல் ஒரு யோசனை சொன்னது: சிஓஐ என்ற ஒரே மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் போதும். கடைப் பொருளின் பார்கோடு மாதிரிதான். படித்ததை ஏற்கெனவே பெயர் உறுதியான மீன்களின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள்.

2005இல் ஆஸ்திரேலியாவில் 207 மீன் இனங்களைச் சோதித்தார்கள். ஒரே இனத்துக்குள் சராசரி வித்தியாசம் 0.39 விழுக்காடு, ஒரே பேரினத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்களுக்கு இடையே 9.93 விழுக்காடு. அதாவது 650 எழுத்துகளில் முதலாவது இரண்டு மூன்று எழுத்து. இரண்டாவது ஏறக்குறைய 65. இந்த இடைவெளிதான் முறையின் பலம்.

இதனால் நமக்கு என்ன?

முதலில், உங்கள் காசு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையில் சந்தைப் பொருள்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 16 விழுக்காட்டில் லேபிளில் ஒரு மீன், உள்ளே வேறு மீன்.

அடுத்து, கடல். இரண்டு இனங்களை ஒரே பெயரில் எண்ணினால், ஒன்று குறைந்துகொண்டே போனாலும் மொத்தக் கணக்கில் தெரியாது. தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?

இல்லை. கெராப்பு மீனைப் பாருங்க. 2006இல் மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் புலிக் கெராப்பு அம்மாவையும் ராட்சதக் கெராப்பு அப்பாவையும் சேர்த்து ஒரு கலப்பின மீனை உருவாக்கினார்கள். இன்று பண்ணைகளில் அது பிரபலம். அதன் மைட்டோகாண்டிரியாவை மட்டும் சோதித்தால் "புலிக் கெராப்பு" என்றே பதில் வரும். அப்பா யார் என்று அதற்குத் தெரியாது. கலப்பினம் என்று சந்தேகம் வந்தால் உட்கரு டிஎன்ஏவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதேபோல, ஒப்பிடும் பட்டியலில் மீனின் பெயர் தப்பாக இருந்தால் பதிலும் தப்பாகத்தான் வரும். அதனால்தான் மீனைக் கையில் எடுத்து, துடுப்பையும் செவுளையும் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் இன்றும் தேவை.